முன்னால் நடப்பவர்

நவாங்கல்
ஹிஜ்ரி 1240, ஸஃபர்

தம்பி சோராபுக்கு அக்கா மர்ஜானாவின் ஸலாம்.

பெருநாளுக்கு நான் அனுப்பிய போர்வையைத் தொடாமல் திருப்பி அனுப்பினாய். கொண்டுவந்த ஆளுக்கு ஒரு கிண்ணம் மோர்கூடக் கொடுக்கவில்லையாம். அதை நான் மறந்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். வாப்பா நம் இரண்டு பேரையும் ஒரே பலகையில் எழுதப் பழக்கினார். நான் எழுதாவிட்டால் வேறு யார் உனக்கு எழுதுவார்கள்? உன்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் 'கான் சொன்னா சரி' என்று தலையாட்டுகிறவர்கள்.

வாப்பாவின் ஜனாஸா அன்று, மண் போட்ட கை காய்வதற்குள், ஊர் முழுவதும் கேட்க என் கணவரைப் பார்த்து, "சிங்குகளுக்கு வரி கட்டுற ஆம்பளை பொம்பளைங்க பக்கம் போய் உக்காரட்டும்" என்றாய். அவர் எழுந்து குதிரைக்குச் சேணம் கட்டினார். அன்றிலிருந்து உன் பெயரை இந்த வீட்டில் நான்தான் சொல்கிறேன். அவர் சொல்வதில்லை. திட்டுவதுமில்லை.

உனக்கு மலை இருக்கிறது, சோராப். நம் துர்வால் குலம் முழுவதும் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். எங்களுக்கு இருப்பது ஆற்றோரச் சமவெளி. லாகூர் சீக்கியப் படை கோட்டை கட்டியது எங்கள் வாசலில். கதவைத் திறந்தால் அவர்கள் கொடி தெரிகிறது. பணிய மறுத்த மேலூரை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நீ கேள்விப்பட்டாய். நான் புகையைப் பார்த்தேன். என் கணவர் கரம்தாத் அதன் பிறகுதான் போய்த் தலைகுனிந்தார். எங்கள் ஊரில் எந்தக் கூரையும் எரியவில்லை. அதை நீ கோழைத்தனம் என்கிறாய். நான் அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழ் தூங்குகிறேன்.

இப்போது நீ கோட்டைக்குப் போன தானிய வண்டிகளை மறித்திருக்கிறாய். எங்கள் வயல் கோதுமையும் அதில் இருந்தது. கோட்டைத் தலைவர் வசாவா சிங் மறுநாளே இவரைக் கூப்பிட்டு வெயிலில் நிறுத்தி வைத்தார். "உன் மச்சான் எங்கே ஒளிஞ்சிருக்கான்?" என்று கேட்டாராம். "ஒளியவே இல்லை, வீட்டுலதான் இருக்கான். ஏறிப்போய்ப் பாருங்க" என்று இவர் சொன்னாராம். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

உப்பு வியாபாரி தேவித்தா கழுதைகளோடு மேலே வருகிறார். உப்பு வாங்கிக்கொள், கடிதத்தையும் வாங்கிக்கொள். என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஒரு வரியாவது எழுது.

மர்ஜானா


பர்சீன்
ரபீஉல் அவ்வல்

அக்காவுக்கு ஸலாம்.

என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். கோட்டை நிற்கிற மண்ணை நினைக்கிறேன். பனிக்காலத்தில் நம் ஆடுகள் இறங்கி மேய்ந்த இடம் அது. முதல் வருடம் புல்லுக்கு வரி கேட்டார்கள். வாப்பா கொடுத்தார். அடுத்த வருடம் சோளத்தில் பாதி கேட்டார்கள். கொடுத்தார். மூன்றாம் வருடம், குலத்தில் நான்கு வீட்டிலிருந்து ஆட்களைப் பிணையாக அனுப்பு என்றார்கள். அன்றுதான் வாப்பா படுக்கையில் விழுந்தார். நான் கானாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டது அதன் பிறகு. ஆளைக் கேட்கிறவன் அடுத்து என்ன கேட்பான் என்று உன் கணவரிடம் கேள். அவர் கணக்கு தெரிந்தவர்.

எனக்கு அவர்கள் மதத்தோடு பகை இல்லை. லாகூரில் ஓர் அரசர் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். என் மலைமேல் அவருக்கு என்ன வேலை? காபூல்காரர்கள் வந்தபோதும் வாப்பாவின் வாப்பா இதைத்தான் கேட்டார்.

மேலிருந்து பாறைகளை உருட்டி வண்டிகளை மறித்த அன்று ஒரு குதிரைவீரன் பள்ளத்தில் குதிரையோடு விழுந்தான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இவனால் ஓட முடியவில்லை, தொடை எலும்பு முறிந்துவிட்டது. பெயர் ஜவந்த் சிங். வசாவா சிங்கின் அக்காள் மகன் என்று அவனே சொன்னான். மறைக்கத் தெரியாத ஆள். என் வீட்டில்தான் கிடக்கிறான். என் மனைவி பல்வஷா அவனுக்கு மஞ்சளும் நெய்யும் வைத்துக் கட்டுகிறாள். எங்கள் சோள ரொட்டியைக் கடித்துப் பார்த்து, "இதைத்தான் அன்னைக்கு எங்க மேல உருட்டிவிட்டீங்களா?" என்று கேட்டான். வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

அவனை வைத்து என்ன கேட்பது என்று யோசிக்கிறேன். பிணை என்றால் என்னவென்று வசாவா சிங்கும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

போர்வை விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சோராப்


நவாங்கல்
ரபீஉல் ஆகிர்

சோராப்,

உன் கடிதத்தை நான் படித்து எரித்த பிறகுதான் கோட்டை ஆட்கள் வந்தார்கள். தேவித்தாவின் உப்பு மூட்டைகளைச் சாலையில் கொட்டிச் சோதித்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் மலைக்குக் கடிதம் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் இதை ஓர் ஆட்டுக்காரப் பையன் கொண்டுவருகிறான். இந்த வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. கரம்தாதைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆமா, நான்தான் எழுதினேன். மச்சானுக்கு எழுதக்கூடாதா?" என்று சொல்லிவிட்டுக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் என் முகத்தில் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் கோட்டை வாசலுக்குப் போனேன். பெண்பிள்ளை வந்தால் என்ன செய்வதென்று காவலர்களுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் நின்றேன். கடைசியில் வசாவா சிங்கே வெளியே வந்தார். நரைத்த தாடி. நான் நினைத்ததைவிடக் குள்ளம். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்மா. பொய் மட்டும் சரியா சொல்ல வரலை. எழுதினது நான்தான்னாரு. ஒரு வரி எழுதச் சொன்னேன். அந்த எழுத்து, கோழி கிளறின மாதிரி."

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"யார் எழுதினதுன்னு எனக்கு வேண்டாம்" என்றார். "என் அக்கா மகன் மேல இருக்கான். அவன் இறங்கி வந்தா, உன் வீட்டுக்காரர் வெளிய வருவாரு. எங்க அக்கா தினம் ஆளனுப்பிக் கேக்குறா. நான் என்ன பதில் சொல்றது?"

அவரும் ஓர் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்கிறார், பார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜவந்த் சிங்கை அனுப்பிவிடு. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டாவது இறக்கு. வேறு எதுவும் கேட்காதே, நிலமும் வேண்டாம், புல்லும் வேண்டாம். இந்த ஒரு தடவை எனக்காகச் செய்.

மர்ஜானா


பர்சீன்
ஜமாதுல் அவ்வல்

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே கட்டில் தயார் செய்யச் சொன்னேன். ஆட்களும் தயாராக நின்றார்கள். ஆனால் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது கால் கறுத்திருந்தது. வீட்டுக்குள் நாற்றம். காய்ச்சலில் தன் குதிரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு தடவை தூக்கிப் பார்த்தோம். வாசலைத் தாண்டுவதற்குள் அலறினான். பனியும் பிடித்துக்கொண்டது.

தெளிவு வந்த ஒரு மதியத்தில் என்னைக் கூப்பிட்டான். "கான் சாகிப், நான் பிழைக்கமாட்டேன். ஒண்ணே ஒண்ணு. என்னைப் புதைச்சிடாதீங்க. எரிச்சிடுங்க" என்றான். சரி என்றேன். "உங்க ஆளுங்க விடுவாங்களா?" என்று கேட்டான். நான் சொன்னால் விடுவார்கள் என்றேன். "அப்போ நீங்க எங்க மாமா மாதிரிதான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். வெள்ளிக்கிழமை இறந்துபோனான்.

இனி வருவதைக் கோபப்படாமல் படி.

நம் சித்தப்பா மகன் தாலேமந்த் என்னைத் தனியே அழைத்துப்போனான். "செத்தது நமக்கு மட்டும்தானே தெரியும்? உயிரோட இருக்கான்னு சொல்லி முதல்ல மச்சானை வெளிய எடுப்போம். ஆத்தங்கரை வரைக்கும் போர்வை போத்தித் தூக்கிட்டுப் போவோம். அவங்க துணியை விலக்கிப் பாக்குறதுக்குள்ள மச்சான் நம்ம பக்கம் வந்துடுவாரு" என்றான். மோசமான யோசனை இல்லை. நடந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கூரையின் கீழ் என் உப்பைத் தின்று செத்த மனிதனை மூட்டையாக்கி விற்க என்னால் முடியாது. ஊர் மௌல்வி தகனத்துக்கு முகம் சுளித்தார். "நம்ம மண்ணுல வேண்டாம்" என்றார். ஓடைக்கு நடுவே இருக்கிற கல் திட்டு யார் மண்ணும் இல்லை என்றேன். தேவதாரு விறகு அடுக்கினோம். யாருக்கும் அவர்களுடைய பிரார்த்தனை தெரியாது. அவன் பெயரையும் அவன் தாயின் ஊரையும் உரக்கச் சொன்னேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

சாம்பலைப் புது மண்பானையில் வைத்து, அவனுடைய இரும்பு வளையலையும் குறுவாளையும் சீப்பையும் சேர்த்துக் கோட்டைக்கு அனுப்பிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு என் கையில் ஒன்றுமில்லை. மச்சானை என்ன செய்வார்கள் என்று தெரியாமல்தான் அனுப்பினேன். இதை நீயும் அறிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

சோராப்


நவாங்கல்
ஜமாதுல் ஆகிர்

சோராப்,

நல்ல பெயர் எடுத்துவிட்டாய். கோட்டையில் இருக்கிற சிப்பாய்கள்கூட உன்னைப் பற்றிப் பேசுகிறார்களாம். துர்வால் கான் வார்த்தை சுத்தமானவன் என்று.

உன் சுத்தத்துக்கு விலை கொடுப்பது நான். தாலேமந்துக்கு இருந்த இரக்கம்கூட உனக்கு இல்லை. செத்தவன் மானத்தைக் காப்பாற்றினாய், உயிரோடு இருப்பவரை விட்டுவிட்டாய். சாம்பல் போன நாளிலிருந்து கோட்டைக் கதவு எனக்குத் திறக்கவில்லை. ரொட்டி கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறார்கள். பாத்திரம் காலியாகத் திரும்புகிறது. அதை யார் தின்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

பதில் எழுதாதே.

மர்ஜானா


நவாங்கல்
ரஜப்

தம்பி,

விட்டுவிட்டார்கள். உயிரோடு இருக்கிறார், மெலிந்திருக்கிறார்.

வசாவா சிங்கே வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார். என்னிடம், "உன் தம்பி கொடுத்தனுப்பினதை எங்க அக்காகிட்ட சேர்த்துட்டேன். அதுக்கு இது" என்று இவரைக் காட்டினார். பிறகு, "சண்டை வேற. அது லாகூர் உத்தரவு. பனி உருகட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தலைவலிக்கிறவர் போலச் சொன்னார்.

வந்த நாளிலிருந்து கரம்தாத் வேலிக்கு முள் வெட்டுகிறார், கால்வாயில் சேறு அள்ளுகிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. கோட்டையில் அடித்தார்களா என்றேன், இல்லை என்றார். நேற்று அடுப்பருகே உட்கார்ந்திருந்தபோது தானாகவே சொன்னார்.

விட்டதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. படை மேலே ஏறும்போது இவர் முன்னால் நடந்து வழிகாட்ட வேண்டும். மறுத்தால் நவாங்கல் எரியும். இளவயதில் பெண் பார்க்க வந்ததிலிருந்து உங்கள் மலைப்பாதை எல்லாம் இவருக்குத் தெரியும் என்பதை யாரோ அவர்களிடம் சொல்லிவிட்டார்கள்.

"ஒத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்கிட்டேன்."

"என் தம்பி ஊருக்கு வழி காட்டுவீங்களா?"

"நம்ம ஊருல எத்தனை தொட்டில் ஆடுதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

தூங்காமல் யோசித்து எழுதுகிறேன். ஷஃபான் மாதக் கடைசியில் ஏறுகிறார்கள். கோவேறு கழுதைகளில் சிறு பீரங்கியும் கொண்டுவருகிறார்கள். எந்தப் பாதையில் வந்தாலும் பர்சீனுக்குக் கீழே உள்ள இடுக்கைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். உன் ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் வருகிறவனைத்தான் முதலில் சுடுவார்கள் என்பதும் தெரியும். முன்னால் நடப்பவர் என் கணவர்.

இதை உனக்கு எழுதாமல் இருந்தால் உன் ஊர் தூக்கத்தில் அகப்படும். எழுதினால் அவர் சாவார். நான் எழுதிவிட்டேன். அவருக்குத் தெரியாது. என்ன செய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. போன கடிதத்தில் உன்னைத் திட்டினேன். நடந்ததை நடந்தபடி சொல்வது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரிகிறது.

அக்கா


பர்சீன்
ஷஃபான்

அக்கா,

கடிதம் வந்தது. என்ன செய்வேன் என்று எழுதமாட்டேன். நீ தெரிந்துகொண்டால் மச்சான் உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அவர் தெரிந்துகொண்டால் வசாவா சிங் அவர் முகத்தைப் பார்ப்பார். எங்களுக்காக துஆ செய்.

சோராப்


ஆற்றுக்கு மேற்கே
ரமலான்

அக்காவுக்கு ஸலாம்.

நான் உயிரோடு இருக்கிறேன். பல்வஷாவும் குழந்தைகளும் நலம். ஊர் இல்லை. இதற்குள் கேள்விப்பட்டிருப்பாய்.

உன் கடிதத்தைப் படித்ததும் குலத்தைக் கூட்டினேன். பீரங்கி வருகிறது, இடுக்கில் ஒருநாள் தாக்குப்பிடிக்கலாம், அதற்குமேல் முடியாது என்றேன். ஆற்றைக் கடந்து மேற்கே இருக்கும் நம் தாய்மாமன் வழியினரிடம் போய்விடலாம் என்றேன். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓடுகிற கானை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. "மலையில மனுஷங்க இருந்தாத்தான் அது நம்ம மலை. செத்துப்போனா அது வெறும் கல்லு" என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். தாலேமந்த் மட்டும் மறுத்தான்.

ஆனால் ஆடுமாடும் கிழவர்களும் தானியமுமாகக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. படை ஏறுகிறது என்ற செய்தி வந்தபோது பாதிப் பேர் இன்னும் இக்கரையில்தான் இருந்தார்கள். காற்றடைத்த தோல்பைகளில் இரண்டிரண்டு பேராகத்தான் கடத்த முடிகிறது. உருகிய பனித்தண்ணீர், இழுப்பு அதிகம். நான் சிலரை அழைத்துக்கொண்டு இடுக்கின் மேல் போய்ப் படுத்துக்கொண்டேன். நேரம் வேண்டும். அதற்காகச் சுட வேண்டியிருந்தால் சுடுவது என்றுதான் போனேன். உன்னிடம் மறைக்கமாட்டேன்.

காலையில் வரவேண்டிய படை வரவில்லை. மச்சான் அவர்களை மேட்டுப்பாதையில் கூட்டிவராமல் ஓடையைச் சுற்றிக் கூட்டி வந்திருக்கிறார். பீரங்கிக்கு அதுதான் தோது என்று சொல்லியிருப்பார். உச்சிப்பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே தலைப்பாகைகள் தெரிந்தன. முன்னால் அவர், வெள்ளை உடுப்பில், கையில் ஆயுதம் இல்லாமல்.

இடுக்கின் வாய்க்கு வந்ததும் நின்றார். மேலே பார்த்தார். நாங்கள் பாறைக்குப் பின்னால் இருந்தோம், எங்களைப் பார்த்திருக்க முடியாது. பார்த்ததுபோலத்தான் இருந்தது. பிறகு திரும்பி வசாவா சிங்கிடம் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்தார். மச்சான் ஓடையில் இறங்கிக் கைகால் கழுவி, துண்டை விரித்து, இடுக்கின் நடுவில் நண்பகல் லுஹர் தொழ நின்றார்.

ஓர் ஆள் நின்றால் இன்னொருவன் தாண்ட முடியாத இடம் அது. அத்தனை படையும் பின்னால் நின்றது.

என் பக்கத்தில் படுத்திருந்தவன், "கான், முன்னால இருக்குறது துரோகி. போடட்டுமா?" என்றான்.

"தொழட்டும்" என்றேன்.

அக்கா, அப்படி ஒரு நீளமான தொழுகையை நான் பார்த்ததில்லை. ருகூவில் குனிந்தவர் நிமிரவில்லை. சுஜூதில் நெற்றி வைத்தவர் எழவில்லை. கடமையான ஃபர்ளு தொழுகை முடிந்ததும் சுன்னத் தொழுகை, அதுவும் முடிந்ததும் உபரியான நஃபில். பின்னால் குதிரைகள் கனைத்தன. ஒரு சிப்பாய் வாளை உருவிக்கொண்டு முன்னால் வந்தான். வசாவா சிங் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தொழுகிறவனை இடைமறிக்க மனம் வரவில்லையோ, அல்லது இடுக்கைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ.

ஆற்றிலிருந்து என் ஆள் வந்து, எல்லோரும் கடந்துவிட்டார்கள் என்று சொன்னபோது அவர் இன்னும் துஆவுக்குக் கையேந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு குண்டும் சுடாமல் நாங்கள் விலகினோம். மேலே ஏறும்போது என் கால் பட்டு ஒரு கல் உருண்டது. அவர் அப்போதுதான் எழுந்து துண்டை உதறினார்.

பர்சீனை எரித்தார்கள். வாதுமை மரங்களையும் வெட்டிவிட்டார்கள், அதற்கு எந்த உத்தரவும் தேவைப்பட்டிருக்காது. தாலேமந்த் தன் கூரைமேல் நின்று வெடிமருந்து தீரும்வரை சுட்டான். அவனை யார் அடக்கம் செய்தார்கள் என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

நான் திரும்பி வருவேன். இங்கே தாய்மாமன் வழியினர் ஆட்களும் மருந்தும் தருவதாகச் சொல்கிறார்கள். கோட்டையில் இருப்பவர்கள் மலையில் குளிர்காலம் கழித்ததில்லை. இது முடிந்த சண்டை இல்லை என்பதை வசாவா சிங்கும் அறிவார்.

மச்சானிடம் நான் பார்த்தேன் என்று சொல். முழுவதும் பார்த்தேன் என்று சொல்.

சோராப்


நவாங்கல்
ஷவ்வால்

என் தம்பிக்கு,

தாலேமந்தை நம் ஆட்களே அடக்கம் செய்தார்கள். கரம்தாத் கேட்டு உடலை வாங்கினார். குழிக்குள் இறங்கியவரும் அவர்தான். வாப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

நவாங்கலில் கூரை எதுவும் எரியவில்லை. ஆனால் ஊர்த்தலைமையை இவரிடமிருந்து எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கோட்டைக்கு இனி இவரைக் கூப்பிடுவதில்லை. ஊரில் ஒரு பாதி இவரைச் சிங்குகளின் ஆள் என்கிறது. மறுபாதி மலையின் ஆள் என்கிறது. இவர் இரண்டு தரப்பு வயலுக்கும் முறைத்தண்ணீர் திருப்பிவிட்டு வருகிறார்.

இவரைத் தனியே உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நான் முன்பே உனக்கு எழுதியதையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கடிதத்தை மடித்து வைத்தேன்.

"ரொம்ப நேரம் தொழுதீங்களாமே" என்றேன்.

"ம்."

"அவன் சுட்டுடுவான்னு நினைச்சீங்களா?"

"முதல் ரக்அத் முழுக்க, நெத்தியை மண்ணுல வெச்சு எழுற வரைக்கும், அதைத்தான் நினைச்சேன். குண்டு முதுகுல விழுமா தலையில விழுமான்னு. ஓதினது ஒண்ணும் ஞாபகம் இல்லை."

"அப்புறம்?"

"விழலை. அப்புறம்தான் தொழுதேன்" என்றார்.

மர்ஜானா